இருபதாவது படி

மூடுபனி மாதிரியா என்று கேட்கிறார்கள்.
இல்லை. பனியென்றால் பத்து மணிக்கு விலகிவிடும்.
இது ஓரத்திலிருந்து வந்தது.
முதலில் இடப்பக்கக் கண்ணாடி,
பிறகு வீதியோரம் நிற்கும் ஆள்,
பிறகு வீதியோரம்.

இருபத்திரண்டு வருஷம் திரீவீல் ஓட்டினேன்.
மஸ்கெலியாவிலிருந்து அட்டன் வரை
எந்த வளைவுக்கு எந்த கியர் என்று
இடது கைக்குத் தெரியும்.
இன்னும் தெரியும். வலது கை சோறு பிசையும்போது
மடியில் கிடந்தபடி அது கியர் மாற்றுகிறது.

நரம்பு செத்துப்போச்சு, செய்ய ஒன்றுமில்லை
என்றார் கண் டொக்டர்.
அடுத்த வரி ஏதாவது இருக்கும் என்று
கதவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றேன்.
அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

கிராம சேவகர் புதன்கிழமைதான் வருவார்.
வந்த புதன் போயா.
பிரதேச செயலகத்தில் படிவம் தந்தார்கள், சிங்களத்தில்.
தமிழில் இருந்தால் மட்டும் என்ன,
தாள் எனக்கு வெறும் வழவழப்பு.
தோட்டத்து டிஸ்பென்சரியில் பெனடோல் தந்தார்கள்.
சந்தா கட்டியவன் இல்லையே நீ என்றது சங்கம்.

நம்பர் கிடைத்தது ஒரு பாமசிச் சுவரில்,
காணாமல் போன நாய்க்கும்
வாடகைக்கு விடும் அறைக்கும் நடுவே.
கண் தெரியாதவனுக்கான அறிவித்தலை
இவ்வளவு பொடி எழுத்திலா ஒட்டுவார்கள் என்று
திட்டிக்கொண்டே வாசித்தாள் பவளராணி.
மூன்று மாதம் நான் அந்த நம்பரை அடிக்கவில்லை.
அடித்தால் அந்தக் கூட்டத்தில் ஒருவன் ஆகிவிடுவேன்.

"முழுசா தெரியாதா, வெளிச்சம் தெரியுமா?"
சீனி போடவா என்று கேட்பதுபோல் கேட்டாள் ரினோஸா.
இதைக் குரலைத் தாழ்த்தாமல் கேட்ட முதல் ஆள்.

பிறகு வழி சொன்னாள்:
"பஸ்ஸை விட்டு இறங்கினா பாண் வாசம் வரும்,
அதுக்கு முதுகைக் குடுங்க.
சோத்துக்கை பக்கம் தையல் மெஷின், ரெண்டு கடை.
தார் முடிஞ்சு காலுக்குக் கல்லு வரும்,
மூஞ்சியில குளிர் காத்து அடிக்கும், அதுதான் சந்து.
திரும்புங்க. பத்தொன்பது படி.
கம்பி ஈரமா இருக்கும், பயப்படாதீங்க."

அட்டன் டவுனில் எனக்கே வழியா?
நீல போர்டு, மஞ்சள் மாடி, சிவப்புக் கேட் என்று
எத்தனை பேருக்கு வழி சொன்னவன்.
அவள் சொன்ன ஊரில் ஒரு நிறம்கூட இல்லை.

இரண்டாம் சனிக்கிழமை போனேன்.
பவளராணியைச் சந்தோடு நில் என்றேன்.
மெஷின் ஒன்றுதான் ஓடியது.
காற்று சொன்ன இடத்தில் இருந்தது.
பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது,
இனித் தரை என்று காலை வீசி வைத்தேன்.

பெருவிரல் போய் முட்டியது.
கெட்ட வார்த்தை ஒன்று வந்துவிட்டது.
மேலே பத்துப் பேரின் பேச்சு அப்படியே நின்றது.

"பத்தொன்பதுன்னு சொன்னீங்க!"
"பத்தொன்பதுதானே?"
"இருபது."

கதிரை நகர்ந்தது. ஒரு பிரம்பு
தட்டித் தட்டிக் கீழே போய்
தட்டித் தட்டி மேலே வந்தது.
"யா அல்லாஹ். கதவுகிட்ட வீட்டுக்காரன்
புதுசா சீமெந்து போட்டிருக்கான்."

"போன முறை நானும் விழப் பாத்தேன்," என்றது
ஜன்னல் பக்கம் ஒரு கிழக்குரல்,
"நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சேன்."
"நானும்," என்றது ஒரு பையன்.
"நானும்."

பிளேன்டீ வந்தது, பிடி எந்தப் பக்கம் என்ற தகவலோடு.
பிரம்புக்கு அளவெடுத்தார்கள், நெஞ்சுக்குழி வரை.
கொழும்பிலிருந்து வர ரெண்டு மாசமாம்.
படிவத்தை நிரப்ப ஒருத்தி வருவாளாம், செவ்வாயோ வியாழனோ.
விரல் இன்னும் வலித்தது.

போன் அடித்தது. ரினோஸா எடுத்தாள்.
பாண் வாசம், தையல் மெஷின், கல்லு, காத்து.
"இருபது படி," என்றாள் யாரிடமோ.
"கடைசி ஒண்ணு புதுசு."